வண்டி மாறிடுச்சு, அறிவுரை மாறல: கார் பராமரிப்பில் ஏழு பழைய நம்பிக்கைகள்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு கார் வச்சிருக்கிறவங்களுக்கும், அப்பாவோ மாமாவோ ஓட்ட பக்கத்து சீட்டுல உக்காந்து அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே போறவங்களுக்கும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. இன்ஜினியரிங் படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதுற ஆளு. ஆனா எங்க வேலையில அடிக்கடி பாக்குற ஒரு விஷயம் இந்தத் தலைப்புக்கு அப்படியே பொருந்தும். பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு கோடு எழுதி, அதுக்கு மேல "இந்த வரியைத் தொடாதே, தொட்டா எல்லாம் நின்னுடும்"னு ஒரு கமெண்ட் போட்டிருப்பாங்க. அன்னைக்கு அது உண்மை. அப்புறம் கீழ இருக்குற கோடை நாலு பேர் மாத்தி எழுதிட்டாங்க, மேல இருக்குற கமெண்டை யாரும் மாத்தல. புதுசா வேலைக்குச் சேர்றவங்க அதைப் படிச்சுட்டுப் பயந்து பயந்து வேலை செய்வாங்க.

கார் பத்தி நம்ம ஊர்ல சுத்துற அறிவுரைகள்ல பாதி இந்த மாதிரி பழைய கமெண்ட்தான். சொன்னவங்க யாரும் பொய் சொல்லல. அம்பாசடர் காலத்துலயும், 1983-ல வந்த மாருதி 800 காலத்துலயும் அது சரியான அறிவுரை. இன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற வண்டி வேற. சில அறிவுரைகளை இப்பவும் பின்பற்றினா கொஞ்சம் பெட்ரோல் வீணாகும், அவ்வளவுதான். சிலது லட்சக்கணக்குல செலவு வைக்கும். ஒண்ணு ரெண்டு உயிருக்கே ஆபத்து. அதனால சின்னதுல ஆரம்பிச்சு பெருசுக்குப் போவோம்.

1. "காலையில பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அப்புறம் எடு"

கார்புரேட்டர் இருந்த வண்டிக்கு இது தேவைப்பட்டது. கார்புரேட்டர்னா காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குள்ள அனுப்புற ஒரு கருவி. இன்ஜின் குளிர்ந்திருந்தா பெட்ரோல் சரியா ஆவியாகாது. சோக்கை இழுத்து விட்டு, கொஞ்ச நேரம் உறும விட்டாத்தான் வண்டி திணறாம நகரும்.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும், நம்ம நாட்டு கார்கள்ல கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இப்ப இன்ஜின் எவ்வளவு சூடா இருக்குன்னு ஒரு சென்சார் பாத்துச் சொல்லுது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. ஸ்டார்ட் பண்ணி, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரி பண்ற அரை நிமிஷம் போதும். நின்ன இடத்துல சூடாகுறதை விட ஓடும்போது இன்ஜின் சீக்கிரம் சூடாகும். முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காம மெதுவா போங்க, அதுதான் இன்னைக்கு உள்ள "வார்ம் அப்".

2. "ஆயில் கறுத்துடுச்சு, மாத்திடு"

ஆயில் கறுக்குறதுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்ஜின் ஆயில்ல அழுக்கை இழுத்துப் பிடிச்சு வச்சிக்கிற டிடர்ஜென்ட் கலந்திருப்பாங்க. கரி ஒரு இடத்துல படியாம ஆயிலோட சேர்ந்து சுத்தும். டீசல் வண்டியில புது ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். அதனால நிறத்தை வச்சு ஆயிலோட ஆயுளைச் சொல்ல முடியாது.

நிறத்துல பயப்பட வேண்டியது ஒண்ணு இருக்கு. டிப்ஸ்டிக்கை வெளிய எடுத்தா ஆயில் பால் காபி மாதிரி கலங்கலா இருந்தா, கூலன்ட்டோ தண்ணியோ ஆயில்ல கலக்குதான்னு உடனே காட்டிப் பாருங்க.

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்ங்கிறது மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. இப்போ நிறைய பெட்ரோல் கார்களோட மேனுவல்ல 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு இருக்கும். இந்த "எது முதல்ல வருதோ"தான் நிறைய பேர் கவனிக்காத வரி. வண்டி வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுது, மூணு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்னு நினைக்கிறாங்க. ரெண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துற வண்டியில ஆயில் முழுசா சூடாகவே ஆகாது, உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளிய போகாது. கம்மியா ஓடுற வண்டிக்குத்தான் தேதி முக்கியம்.

இதோட சேர்ந்து வர்ற இன்னொண்ணு: "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில் ஊத்து." டின்ல 5டபிள்யூ-30ன்னு போட்டிருந்தா, டபிள்யூ-க்கு முன்னாடி இருக்குற எண், குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்ங்கிறதுக்கு. பின்னாடி இருக்குற எண், 100 டிகிரி செல்சியஸ்ல அது எவ்வளவு கெட்டியா இருக்கும்ங்கிறதுக்கு. அதாவது இன்ஜின் சூட்டுக்கான கணக்கு ஏற்கெனவே அதுல இருக்கு. 5டபிள்யூ-30க்குன்னு வடிவமைச்ச இன்ஜின்ல 20டபிள்யூ-50 ஊத்தினா, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல வரைக்கும் ஆயில் போய்ச் சேர நேரமாகும். தேய்மானம் நடக்குற நேரமே அதுதான்.

3. "இங்க என்ன பனியா கொட்டுது? கூலன்ட் எதுக்கு, தண்ணி ஊத்து"

ஆன்ட்டிஃப்ரீஸ்னு ஒரு பேர் வச்சதால வந்த குழப்பம் இது. உறையாம பாக்குறது கூலன்ட்டோட ஒரு வேலை மட்டும்தான். நமக்குத் தேவை மத்த ரெண்டு வேலை: துருப் பிடிக்காம பாக்குறது, கொதிநிலையை ஏத்துறது.

போர் தண்ணியில குக்கர் வச்சா உள்ள வெள்ளையா உப்புப் படியும்ல, அதேதான் ரேடியேட்டர்ல நடக்கும். அங்க இருக்குற குழாய்கள் ரொம்ப மெல்லிசு. படிஞ்சா அடைக்கும், அடைச்சா இன்ஜின் சூடாகும், ஒரு நாள் ஹெட் கேஸ்கெட் போகும். நடு ரோட்டுல வேற வழியே இல்லைன்னா தண்ணி ஊத்தலாம், தப்பில்ல. ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடிச்சிட்டு மேனுவல்ல சொன்ன கூலன்ட்டை மாத்திடணும். பச்சை, சிவப்பு, நீலம்னு நிறம் பாத்து வாங்காதீங்க. நிறம் வெறும் சாயம்தான், எந்த வகைன்னு டப்பாவுல பாருங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். பிரஷர் குக்கர்ல தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 டிகிரி கிட்ட போகுது, அழுத்தம்தான் காரணம். கார்ல கூலிங் சிஸ்டமும் மூடின, அழுத்தத்துல வேலை செய்யுற அமைப்புதான். விசில் அடங்காம யாராவது குக்கரைத் திறப்போமா? ஆனா ரோட்டோரம் புகை வந்த வண்டியை நிறுத்தின உடனே துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுறவங்க இருக்காங்க. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போயிடும், உள்ள இருக்குறது அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். இன்ஜினை நிறுத்திட்டு, கை வச்சுத் தொடுற அளவுக்கு ஆறுற வரைக்கும் காத்திருங்க. அரை மணி நேரம் ஆனாலும் சரி.

4. "வெயில் காலம், டயர்ல காத்தைக் குறைச்சு வை, இல்லாட்டி வெடிச்சிடும்"

இங்கிருந்துதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள். கேக்க நியாயமா தோணும்: சூட்டுல காத்து விரியும், அதனால முன்கூட்டியே குறைச்சுடலாம். கணக்குப் போட்டுப் பாப்போம். 30 டிகிரியில 33 பிஎஸ்ஐ இருக்குற டயர் 60 டிகிரிக்குச் சூடானா, அழுத்தம் கிட்டத்தட்ட 38-க்குப் போகும். இந்த ஏத்தத்தை எல்லாம் கணக்குல எடுத்துத்தான் டயரை வடிவமைக்கிறாங்க. நல்ல டயர் அஞ்சு பிஎஸ்ஐ கூடினதால வெடிக்காது.

காத்து குறைவா இருந்தாத்தான் ஆபத்து. டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா சூடாகுமே, அந்த மாதிரி. நூறு கிலோமீட்டர் வேகத்துல, அஞ்சு பேரும் லக்கேஜுமா, மே மாச மத்தியானம் திருச்சி ரோட்டுல போகும்போது அந்தச் சூடு ஏறிக்கிட்டே போகும். உள்ள இருக்குற அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். "காத்து அதிகமா இருந்ததால வெடிச்சுது"ன்னு நாம பேசிக்கிற பல சம்பவங்களுக்குப் பின்னாடி காத்துக் குறைச்சல்தான் இருக்கும்.

எவ்வளவு அடிக்கணும்? டயர் மேல இருக்குற 44, 51 மாதிரி எண்ணைப் பாக்காதீங்க, அது டயர் தாங்குற உச்ச அளவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, பெரும்பாலும் அந்தத் தூண்லயே ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு சுமைன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது. ஹைவேயில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பங்க்ல பாத்தா 38 காட்டும். "அதிகமா இருக்கு"ன்னு 33-க்குக் குறைச்சா, மறுநாள் காலையில 28, 29தான் இருக்கும். நாமளே ஆபத்தை உண்டாக்கி வச்சிருப்போம்.

நைட்ரஜன் அடிக்கலாமா? அடிக்கலாம், கெடுதல் இல்ல, கொஞ்சம் மெதுவா கசியும். ஆனா நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். "நைட்ரஜன் அடிச்சிருக்கு, பாக்க வேண்டாம்"னு மூணு மாசம் விடுறதை விட, சாதாரணக் காத்தை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை பாக்குறது எவ்வளவோ மேல்.

பட்டன் நல்லா இருக்குங்கிறதுக்காக டயர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. ரப்பருக்கும் வயசாகும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒருமுறை டயர் கடையில காட்டுங்க, பத்து வருஷம் ஆயிட்டா பட்டன் எப்படி இருந்தாலும் மாத்திடுங்க. வீட்டுல பெரியவங்க வச்சிருக்கிற, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்குற வண்டியை இந்த வாரமே பாருங்க. டிக்கியில இருக்குற ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

5. "இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்"

கார்புரேட்டர் காலத்துல மிச்சம் ஆச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில கணக்கு தலைகீழ். கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்குது. கம்ப்யூட்டர் அதைக் கவனிச்சு, பெட்ரோல் தெளிக்கிறதையே நிறுத்திடும். நியூட்ரல் போட்டா இன்ஜின் நின்னு போகாம இருக்க, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும். அதாவது மிச்சம் பிடிக்கிறதா நினைச்சுச் செலவு பண்றோம். சாவியைத் திருப்பி இன்ஜினையே ஆஃப் பண்றது இன்னும் மோசம். ரெண்டு தடவை மிதிச்சதும் பிரேக் கட்டை மாதிரி ஆயிடும், ஸ்டீயரிங்கும் கனத்துடும்.

பெட்ரோல் போனா போகுது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி ரோட்டுல 36. நியூட்ரல்ல இறங்கினா வண்டியைப் பிடிக்கிற மொத்த வேலையும் பிரேக் தலையில விழும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். இந்த ஆயில் காத்துல இருக்குற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுற சுபாவம் உள்ளது. டாட் 3 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும். சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தர அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தா 155. கொதிச்சா குழாய்ல ஆவிக் குமிழி வரும். ஆயிலை அழுத்தினா பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினா அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

"பிரேக் ஆயில் அளவு குறையல, அதனால மாத்த வேண்டாம்"னு சொல்றது அதனாலதான் தப்பு. அளவு அப்படியே இருக்கும், ஈரம் ஏறியிருக்கும். பெரும்பாலான மேனுவல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைன்னு இருக்கும். ஒரு முழு சர்வீஸ் செலவோட பாத்தா இது ரொம்பச் சின்ன தொகை.

இங்க ஒரு பழைய அறிவுரைக்கு முழு மார்க் கொடுக்கணும். லாரி டிரைவர் அண்ணன்கள் சொல்வாங்க: "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு." அது அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் வண்டின்னா எல், 2, மேனுவல் மோடு, எது இருக்கோ அதைப் போட்டு இறங்குங்க.

6. "தண்ணியில நின்னுடுச்சா? இன்னொரு செல்ஃப் அடிச்சுப் பாரு"

அந்தக் கால வண்டி தண்ணியில நின்னா, பல நேரம் காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் போனது. இறங்கி, துணியால துடைச்சு, ரெண்டு செல்ஃப் அடிச்சா கிளம்பிடும். அந்தப் பழக்கம்தான் இன்னும் நம்ம கையில இருக்கு.

இன்னைக்கு நிறைய கார்கள்ல இன்ஜின் காத்தை இழுக்குற குழாய் முன்பக்கம் தாழ்வா இருக்கும். தேங்கின தண்ணியில வேகமா போனா அலை எழும்பி அது வழியா உள்ள போகும். பிஸ்டன் மேல வரும்போது காத்தைப் பத்துல ஒரு பங்கா சுருக்குது. தண்ணி அப்படிச் சுருங்காது. முழு வேகத்துல வர்ற பிஸ்டன் தண்ணியில முட்டி நிக்கும், அதைத் தாங்குற கனெக்டிங் ராடு வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக்னு சொல்றாங்க. தண்ணி போய் இன்ஜின் தானா நின்ன நிலையில, பல நேரம் பெரிய சேதம் இல்லாம காப்பாத்த வாய்ப்பு இருக்கு. அந்த "இன்னொரு செல்ஃப்"தான் மிச்சத்தையும் முடிச்சு வைக்கும்.

2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் சென்னையில எத்தனை வண்டி மூழ்கிச்சுன்னு நமக்குத் தெரியும். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்க. சில பேர் சிரிச்சாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரியான கார் பராமரிப்பு.

வண்டி மூழ்கிட்டா: சாவியைத் தொடாதீங்க, பட்டனையும் அமுக்காதீங்க. பாதுகாப்பா முடிஞ்சா பேட்டரி நெகட்டிவ் கனெக்‌ஷனைக் கழட்டுங்க. தண்ணி எந்த மட்டம் வரைக்கும் நின்னுச்சுன்னு போட்டோ எடுங்க. இன்சூரன்ஸுக்குச் சொல்லிட்டு, இழுத்துக்கிட்டுப் போகாம வண்டி மேல ஏத்திக் கொண்டு போகச் சொல்லுங்க. சாதாரண முழுக் காப்பீட்டுல வெள்ளச் சேதம் வரும். ஆனா தண்ணி போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினதால வந்த சேதத்தைப் பெரும்பாலும் தர மாட்டாங்க. அதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா ஒண்ணு எடுக்கணும். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது உங்க பாலிசியில அது இருக்கா, என்ன நிபந்தனைன்னு மழைக்கு முன்னாடியே படிச்சிடுங்க.

7. "வெளிய கை வச்சா வாரன்டி போயிடும்"

இதுல பாதி உண்மை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம பண்ணதுக்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. வெளிய வேலை பாத்தாங்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து பண்ணக் கூடாது, வெளிய பாத்த வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம்னும் அந்த உத்தரவுல இருந்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனாங்க.

நடைமுறையில என்ன பண்ணலாம்? வாரன்டி இருக்குற வரைக்கும், மேனுவல்ல இருக்குற சர்வீஸைத் தேதி தவறாம சர்வீஸ் சென்டர்லயே பண்ணுங்க, பில்லை வச்சிக்கோங்க. டயர், பேட்டரி, வைப்பர் ரப்பர் மாதிரி விஷயங்களை வெளிய மாத்துறதால இன்ஜின் வாரன்டி போகாது. ஹெட்லைட், ஹாரன், மியூசிக் சிஸ்டத்துக்காக ஒயரை வெட்டி ஒட்டினா, அந்த எலக்ட்ரிகல் பக்கம் வர்ற பிரச்சினைக்கு மறுக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சிடும். சர்வீஸ் சென்டர்ல மேனுவல்லயே இல்லாத "இன்ஜின் ஃபிளஷ்", "கோட்டிங்"னு நீட்டினா, "இது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க"ன்னு கேளுங்க. கோபப்பட வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதும்.

கடைசியா ஒண்ணு. இதையெல்லாம் கேட்டுட்டு வீட்டுல போய் "மாமா, நீங்க சொன்னது எல்லாம் தப்பு"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அவர் ஓட்டின வண்டியை அவர் நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தார். சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்ற தெரு மெக்கானிக் அண்ணனோட காது இன்னைக்கும் தேவைதான். "இந்த வண்டிக்கு என்ன போட்டிருக்குன்னு சேர்ந்து பாப்போமா?"ன்னு கேளுங்க. டேஷ்போர்டுக்குள்ள பாலிதீன் கவர் கூடப் பிரிக்காம ஒரு புத்தகம் இருக்கும், அதை எடுங்க. புத்தகம் தொலைஞ்சிருந்தா, கம்பெனி வெப்சைட்ல உங்க மாடலுக்கான பிடிஎஃப் இருக்கான்னு பாருங்க.

இந்த ஞாயித்துக்கிழமை பதினஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி டயர் காத்து, ஸ்டெப்னியோட சேர்த்து. டயர்ல அந்த நாலு இலக்கம். பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு பழைய பில்லுல ஒரு பார்வை. பாத்துட்டு என்ன இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. உங்க வீட்டுல சொல்ற, இங்க வராத அறிவுரை ஏதாவது இருந்தாலும் அனுப்புங்க. எது இன்னும் சரி, எது பழசுன்னு இன்னொரு எபிசோடுல சேர்ந்து பாப்போம்.